கடைசிச் சீட்டுக்காரர்: தனிமனித இலக்குகள் நிறைவேறும் வழி குறித்து

தன்முன்னேற்ற மேடைகளில் அலுக்காமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களுள் 3 விழுக்காட்டினர் மட்டுமே தம் வாழ்க்கை இலக்குகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார்களாம். 20 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது அந்த 3 விழுக்காட்டினரின் சொத்து, மற்ற 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தையும் விஞ்சி நின்றதாம். சில மேடைகளில் யேல் போய் ஹார்வர்டு வரும். 1953 போய் 1979 வரும். அப்படியோர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் போனவர்களிடம் யேல் பல்கலைக்கழகமே கைவிரித்துவிட்டது. ஆனாலும் கதைக்குச் சாவில்லை. எழுதுவதும் நாலு பேரிடம் சொல்வதும் எளிய வேலைகள். அவற்றைச் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று கேட்கும்போது சபைக்கு மகிழ்ச்சி. பாதிக் கிணறு தாண்டியவர் எங்கே போய் விழுவார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இக்கட்டுரை வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டில், வருமானம் கூடாமலேயே, தாம் நினைத்த ஒன்றை நினைத்த காலத்தில் முடித்துக் காட்டியவர்கள் யார் என்று தேடினால் சீட்டுக் கட்டியவர்களிடம் போய் நிற்போம். மகளுக்குக் காதுகுத்து, மகனுக்குக் கல்லூரிக் கட்டணம், மாடியில் ஓர் அறை, தையல் எந்திரம், ஆட்டோவுக்கு முன்பணம் என்று அவர்கள் முடித்த காரியங்கள் பல. இலக்கு நிர்ணயம் என்ற சொல்லை அவர்கள் யாரும் வாயில் வைத்ததில்லை. சீட்டைக் கடன் கருவியாகவும் சேமிப்புக் கருவியாகவும் கண்டு பொருளியலார் நிறைய எழுதியிருக்கிறார்கள். இலக்கை எட்டவைக்கும் கருவியாகக் கண்டவர்கள் குறைவு. அப்படிக் காணும்போது, உளவியலார் வகுத்த இலக்குக் கோட்பாட்டில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஒருவரின் இலக்கு நிறைவேறுவதற்குப் பிறர் அந்த இலக்கை அறிந்திருக்க வேண்டியதில்லை; அதற்கான தவணையைத்தான் அறிந்திருக்க வேண்டும். இதுவே நான் நிறுவ முயலும் கருத்து.

கோட்பாடு சொல்வதும் விடுவதும்

இலக்கு பற்றிய இன்றைய உளவியலுக்கு அடித்தளமிட்டவர் எட்வின் லாக். 1968-இல் அவர் எழுதிய கட்டுரையும், பின்னர் கேரி லாத்தமுடன் சேர்ந்து செய்த ஆய்வுகளும் ஒரே முடிவைப் பலமுறை உறுதிசெய்தன. ‘உன்னால் முடிந்த அளவு செய்’ என்று விட்டுவிடுவதைவிட, குறிப்பான, சற்றே கடினமான இலக்கைக் கொடுத்தால் மனிதர் கூடுதலாக உழைக்கிறார்கள். இதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சான்றுகள் எத்தகைய களங்களில் கிடைத்தன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். லாத்தமும் பால்டஸும் 1975-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களைப் பற்றியது. சட்டம் அனுமதித்த எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு மட்டுமே ஏற்றிச் சென்றுகொண்டிருந்த லாரிகளுக்கு 94 விழுக்காடு என்று இலக்கு வைத்தார்கள். சில மாதங்களில் ஏற்றும் எடை 90 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. இதை இலக்கின் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அந்த லாரி ஒவ்வொரு நடையிலும் எடை மேடை ஏறியது. ஒவ்வொரு நடைக்கும் ஓர் எண் பதிவானது. அந்த எண்ணை மற்ற ஓட்டுநர்களும் பார்த்தார்கள். 94 என்ற எண்ணோடு எடை மேடையும் வேலை செய்திருக்கிறது. கோட்பாட்டு நூல்களில் எண் நிலைத்தது, எடை மேடை அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் இலக்குகளின் கதி வேறு. தாமஸ் வெப்பும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தனர். மனஉறுதியில் பெரிய மாற்றம் ஏற்படுத்தினாலும் செயலில் அதைவிடச் சிறிய மாற்றமே விளைகிறது என்று கண்டனர். இந்த இடைவெளியை நிரப்பும் ஒரு வழியைப் பீட்டர் கோல்விட்சர் முன்வைத்தார்: ‘இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. 1997-இல் அவரும் பிராண்ட்ஸ்டேட்டரும் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று அடுத்த இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டனர். இடமும் நேரமும் குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி அனுப்பினர். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர். மிக நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் அது இரண்டு நாள் வேலை. 20 மாதம் நீளும் ஒரு காரியத்தில் ஏழாம் மாதம் மாமனார் மருத்துவமனையில் படுத்துவிடுவார், பதினொன்றாம் மாதம் மச்சான் கடன் கேட்டு வந்து நிற்பார். இடமும் நேரமும் குறித்த தாள் அப்போது என்ன செய்யும்?

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். இதை ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்பார்கள். முதல் மாதத்துச் சீட்டை நடத்துபவரே எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். அடுத்த மாதம் முதல் ஏலம். அவசரத் தேவைக்காரர் தள்ளிக் கேட்பார். ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000-இல் நடத்துபவருக்கு 5 விழுக்காட்டுக் கமிஷனாக 5,000 போகும். மீதி 20,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,000 கழிவு. எனவே அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 4,000. மாதங்கள் செல்லச் செல்லத் தேவைக்காரர்கள் எடுத்து முடிப்பார்கள். தள்ளுவது குறையும், கழிவும் குறையும். கடைசிச் சீட்டில் தள்ளுவதற்கு ஆளில்லை. கமிஷன் போக 95,000 ரூபாய் வரும்.

குலுக்கல் சீட்டு இதைவிட எளிது. பெயர்களைச் சுருட்டிச் சொம்பில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். யார் பெயர் விழுந்ததோ அவருக்குப் பணம்.

இரண்டிலும் மையத்தில் இருப்பது ஒரு நோட்டு. அதில் இருபது பெயர், எதிரே மாதக் கட்டங்கள். கட்டியவர் பெயருக்கு நேரே ஒரு டிக். ஐந்தாம் தேதி தாண்டியும் கட்டம் காலியாக இருந்தால் சீட்டுக்காரம்மா வாசலில் வந்து நிற்பார். இப்போது அதற்கு முன் போன் வரும். ‘என்னக்கா, அஞ்சாந்தேதி ஆயிடுச்சே, எடுத்தவங்களுக்குக் குடுக்கணும்ல?’ அந்தக் கேள்வியில் மிரட்டல் இல்லை. அதில் உள்ள ‘எடுத்தவங்க’ யார் என்பது இருவருக்குமே தெரியும். மூன்று வீடு தள்ளி இருப்பவர், நாளை குழாயடியிலோ ரேஷன் கடையிலோ எதிர்ப்படப் போகிறவர். நம் கட்டம் காலியாக இருந்தால் அவர் கைக்குப் போகும் பணம் குறையும். வங்கியின் தொடர் வைப்பில் இப்படி ஒருவர் இல்லை. அஞ்சலகத்தின் தொடர் வைப்பில் ஒரு மாதத் தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். 5,000 ரூபாய்த் தவணைக்கு 50 ரூபாய். அதற்கு அஞ்சி யாரும் மச்சானைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

இங்கே ஒரு சிக்கலான மனிதரை அறிமுகம் செய்ய வேண்டும். எல்லாச் சீட்டிலும் ஒருவராவது இப்படிச் சொல்வார்: ‘எனக்கு அவசரம் இல்லை, கடைசிச் சீட்டுப் போதும்.’ மாதக் கழிவு சராசரியாக 500 ரூபாய் என்று கொண்டால், அவர் 20 மாதத்தில் 90,000 கட்டி 95,000 எடுப்பார். பணம் சராசரியாக ஒன்பதரை மாதம் வெளியில் இருப்பதால் இது ஆண்டுக்கு 7 விழுக்காடு அளவுக்கு வரும். அஞ்சலக வட்டியை ஒட்டிய வருமானம்தான். ஆனால் அஞ்சலகத்துக்கு அரசு உத்தரவாதம் உண்டு, தெருச் சீட்டுக்கு நடத்துபவரின் முகம் மட்டுமே உத்தரவாதம். பிறகு ஏன் அவர் சீட்டில் சேர்கிறார்?

பொருளியலாரின் விடைகள்

கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1962-இல் இத்தகைய சுழற்சிக் குழுக்களைப் பற்றி எழுதினார். ஜாவாவில் ‘அரிசான்’ என்ற பெயரில் நடப்பதை நேரில் கண்டவர் அவர். கிராமப் பொருளாதாரத்திலிருந்து வணிகப் பொருளாதாரத்துக்கு ஏறும் நடுப்படி என்று இவற்றுக்கு இடம் குறித்தார். வங்கிகள் வந்ததும் இவை உதிர்ந்துவிடும் என்பது அதன் உட்கிடை. 60 ஆண்டுகள் கடந்தன. வங்கிக் கணக்கும் கைப்பேசிப் பணமும் வந்த பிறகும் சீட்டு உதிரவில்லை. சீட்டுப் பணம் இப்போது கைப்பேசியிலேயே போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

1993-இல் டிமத்தி பெஸ்லி, ஸ்டீபன் கோட், கிளென் லௌரி மூவரும் தந்த விளக்கம் மிக நேர்த்தியானது. பிரித்து வாங்க முடியாத ஒரு பொருளுக்காக இருபது பேர் தனித்தனியே சேமித்தால் இருபது பேரும் 20 மாதம் காத்திருக்க வேண்டும். குலுக்கல் சீட்டில் சேர்ந்தால் முதல் மாதமே ஒருவருக்குக் கிடைக்கும்; சராசரிக் காத்திருப்பு பத்தரை மாதமாகச் சுருங்கும். யாருக்கும் முன்பைவிட நட்டமில்லை, கடைசி ஆளைத் தவிர மற்ற எல்லோருக்கும் லாபம். குலுக்கலில் தன் பெயர் எப்போது விழும் என்று தெரியாத நிலையில் ஒருவர் சேர்வதற்கு இந்த விளக்கம் போதும். கடைசி இடத்தைத் தானாகக் கேட்டு வாங்குகிறவரை அது விளக்காது. அவருக்குக் காத்திருப்பு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

அவரை விளக்க இரண்டு ஆய்வுகள் உதவுகின்றன. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் சியோன் ஆண்டர்சனும் ஜான்-மரி பாலாந்தும் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. சுழற்சிக் குழுக்களில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். குடும்ப வருமானத்தில் மனைவியின் பங்கு மிகக் குறைவாக இருக்கும் வீடுகளில் அவர்கள் சேர்வது குறைவு. மிக அதிகமாக இருக்கும் வீடுகளிலும் குறைவு. இடைப்பட்ட வீடுகளில்தான் உச்சம். கணவன் கைக்கு எட்டாத இடத்தில் பணத்தை வைக்கும் தேவையும், வைக்கத் துணியும் வலுவும் ஒருசேர இருக்கும் வீடுகள் அவை. மேற்குக் கென்யாவில் ஆய்ந்த மேரி கே குகெர்ட்டி 2007-இல் வேறொன்றை அழுத்திச் சொன்னார்: பணத்தை மற்றவரிடமிருந்து காப்பது மட்டுமல்லாமல் தன்னிடமிருந்தே காப்பதும் உறுப்பினர்களின் நோக்கம். தனியாகச் சேமிக்க முடியாது என்று அவர்களே கூறினார்கள்.

நம் வீடுகளை அறிந்தவர்களுக்கு இவ்விரண்டும் புதுச் செய்தி அல்ல. அஞ்சறைப்பெட்டியிலும் பீரோவில் மடித்த புடவைக்குள்ளும் பணம் ஒளிந்த காலம் உண்டு; வீட்டில் எல்லோருக்கும் அந்த இடங்கள் தெரியும் என்பதே அவற்றின் குறை. ஆயினும் ஒளித்துவைப்பதோடு சீட்டின் வேலை முடிவதில்லை. இங்கேதான் பொருளியலாரின் விடையோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நோக்கத்தோடு பேரம் பேசலாம்

தம்பி வந்து பத்தாயிரம் கேட்கிறான். அக்காவின் கையில் பணம் இருக்கிறது. ‘பையன் காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருக்கேன்டா’ என்கிறாள். ‘அதுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கேக்கா, ரெண்டு மாசத்துல திருப்பிடறேன்’ என்கிறான் தம்பி. அவன் சொல்வதில் தவறில்லை. கல்லூரிக் கட்டணம் ஒரு நோக்கம். நோக்கத்தை ஒத்திவைக்கலாம், சுருக்கலாம், ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று அடுத்த ஆண்டின் தலையில் கட்டலாம். மறுத்தால் அக்காதான் கல்நெஞ்சக்காரி. அதே அக்கா ‘இந்த மாசச் சீட்டுக்குக் கட்டணும்டா’ என்றால் தம்பி எழுந்துவிடுவான். ஐந்தாம் தேதியை ஒத்திவைக்கும் உரிமை அவளுக்கே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவள் மறுத்ததாகவும் ஆகாது. நேற்று இரவு ஏதோ ஒரு புடவைக் கடை விளம்பரத்தைப் பார்த்த அவளது மனமும் தம்பியைப் போன்ற ஒரு கடன்காரன்தான். அதற்கும் இதே பதில் செல்லும்.

சீட்டில் இருக்கும் பத்தொன்பது பேருக்கும் அவள் எதற்காகக் கட்டுகிறாள் என்பது பெரும்பாலும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் காவல் காப்பது அவளது இலக்கை அன்று, கட்டத்தை. இலக்கு மாறினாலும், மகன் பொறியியலை விட்டு வணிகவியல் சேர்ந்தாலும், சீட்டுக்கு ஒன்றுமில்லை. நோக்கம் முழுக்க அவளுக்கே சொந்தமாக இருக்கிறது, தவணை முழுக்கப் பிறருக்குச் சொந்தமாகிவிடுகிறது. சீட்டின் திறம் இந்தப் பிரிவினையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இலக்கை ஊரறியச் சொல்வது பயன் தருமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் குழப்பமான விடைகளும் இந்தப் பிரிவினையால் ஒழுங்குபெறுகின்றன. கோல்விட்சரும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட சோதனைகளில், நல்ல வழக்கறிஞராக வேண்டும் என்பது போன்ற இலக்குடைய மாணவர்களின் தீர்மானத்தைப் பிறர் கவனித்துவிட்டால், அவர்கள் அதற்காக உழைப்பது குறைந்தது. சொன்ன மாத்திரத்தில் பாதி வழக்கறிஞர் ஆகிவிட்ட நிறைவு வந்துவிடுகிறது என்பது அவர்களது விளக்கம். ஃபெலிப்பே காஸ்ட், ஸ்டீபன் மையர், தீனா பொமெரான்ஸ் மூவரும் சிலி நாட்டுச் சிறுதொழில் செய்வோரிடையே நடத்திய ஆய்வு இதற்கு நேர்மாறாகத் தோன்றும். சேமிப்பு இலக்கைக் குழுவின் முன் அறிவித்து, வாரந்தோறும் கட்டியதைக் குழு சரிபார்த்தபோது, உறுப்பினர்கள் மூன்றரை மடங்கு அதிக முறை பணம் கட்டினர். சராசரி இருப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. முரண்பாடு மேலோட்டமானது. யேல் கதையைச் சொல்பவர்கள் விரும்பும் அறிவிப்பு முதல் வகை: நான் இன்னார் ஆகப் போகிறேன். சிலியில் அறிவிக்கப்பட்டது இரண்டாம் வகை: இந்த வாரம் இவ்வளவு கட்டுவேன். அடுத்த வாரம் கேட்பதற்கு ஆளிருக்கும் அறிவிப்பு அது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். பிறர் வேண்டாம், தவறினால் எனக்கு நானே அபராதம் விதித்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லலாமே? பிலிப்பைன்ஸில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு, தாமே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கை அளித்தனர். கூடுதல் வட்டி கிடையாது. 28 விழுக்காட்டினர் சேர்ந்தனர். 12 மாத முடிவில், அந்த வாய்ப்பு அளிக்கப்பட்ட குழுவின் சராசரி இருப்பு மற்றவர்களோடு ஒப்பிட 81 விழுக்காடு உயர்ந்திருந்தது. 2006-இல் வெளியான இந்த முடிவு பலரைக் கவர்ந்தது. ஆனால் அது எடுப்பதைத் தடுத்தது. கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதே நாட்டில் ஆனெட் ஜான் ஒரு படி மேலே போய், முறையாகத் தவணை கட்டும் ஒப்பந்தத்தை அளித்தார். தவறினால் தாமே முன்கூட்டிக் குறித்த அபராதத்தை இழக்க வேண்டும். 2020-இல் வெளியான அவரது கட்டுரையின்படி சேர்ந்தவர்களில் 55 விழுக்காட்டினர் தவறி, அபராதத்தை இழந்தனர். தன்னோடு தானே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இரு தரப்பிலும் ஒரே ஆள் இருப்பதுதான் சிக்கல். அபராதத்தைக் குறித்தவரே அதைச் சிறியதாகக் குறிக்கிறார், தவறும்போது அவரே தம்மை மன்னிக்கிறார்.

விலை

இவ்வளவும் இலவசமாக வருவதில்லை. ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட் விஜயவாடாவின் குடிசைப் பகுதியில் கண்ட ஒரு பழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார். வீடு வீடாக வந்து தினம் 5 ரூபாய் வாங்கிச் செல்லும் ஒரு பெண்மணி. 220 கட்டங்கள் அச்சிட்ட அட்டை. 220 நாள் கட்டினால் 1,100 ரூபாய் சேரும். 1,000 ரூபாயைத் திருப்பித் தருவார், 100 ரூபாய் அவருடைய கூலி. ஆண்டுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு வட்டியைச் சேமிப்பவரே கொடுத்துச் சேமிக்கிறார் என்பது இதன் பொருள். பாடநூல் படித்தவர்களுக்கு இது அறியாமையாகத் தோன்றும். வாசலில் வந்து கேட்பதற்கான கூலி என்று அதைப் பார்த்தால் அவ்வளவு வியப்பு இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் தனிப் பயிற்சியாளரை அமர்த்துபவர் வாங்குவதும் இதே சேவைதான். அதை அறியாமை என்று யாரும் சொல்வதில்லை.

ஆபத்துகள் உண்மையானவை. முதலாவது, முன்னால் எடுத்தவர். இரண்டாம் மாதமே 75,000-ஐக் கையில் வாங்கியவருக்குச் சீட்டு அன்றிலிருந்து கடன். காரியம் முடிந்துவிட்டது, கட்டுவது மட்டும் பாக்கி. பதிவுபெற்ற நிறுவனங்கள் சீட்டை எடுத்தவரிடம் ஜாமீன் கேட்பது இதனால்தான். ஆகவே என் வாதம் சீட்டில் உள்ள எல்லோருக்கும் பொருந்தாது. பின்பாதியில் எடுப்பவர்களுக்கே பொருந்தும்.

இரண்டாவது ஆபத்து கூடுதல் கவனத்துக்கு உரியது. சீட்டு என்ற பெயரில் வழங்கும் எல்லாமே சீட்டு அல்ல. தீபாவளிச் சீட்டில் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். ஆண்டு முடிவில் இனிப்பு, பட்டாசு, வெள்ளிக் காசு, மளிகை என்று பை நிறையக் கிடைக்கும் என்பது பேச்சு. நகைச் சீட்டில் 11 மாதம் கட்டி நகையாக எடுக்கிறோம். பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாளுக்குள் ஈடு செய்யப்பட வேண்டும் என்ற நிறுவன விதி வந்தபின் பல கடைகளின் திட்டம் 11 மாதத்தில் நின்றது. இவை இரண்டிலும் சுழற்சி இல்லை. ஏலச் சீட்டில் ஒரு மாதம் சேர்ந்த பணம் அந்த மாதமே ஒரு உறுப்பினரின் கைக்குப் போய்விடும். போகாவிட்டால் எடுத்தவர் தெருவைக் கூட்டிவிடுவார். தீபாவளிச் சீட்டில் பணம் ஆண்டு முழுவதும் ஒருவரிடமே குவிகிறது. கட்டுபவர்கள் ஒருவரை ஒருவர் அறியார். எனக்கு வர வேண்டியது வரவில்லை என்று ஒரு உறுப்பினர் கண்டுபிடிக்கும் நாள் ஐப்பசியில்தான் வரும். அதற்குள் வீடு பூட்டியிருக்கும். தவணை உண்டு, கேட்கும் ஆளும் உண்டு. ஆனால் அந்த ஆளை நாம் கேட்க வழியில்லை. நகைச் சீட்டில் இன்னொன்றும் நடக்கிறது: இலக்கையே கடைக்காரர் முடிவு செய்துவிடுகிறார். கல்லூரிக் கட்டணம் என்று நினைத்துத் தொடங்கியவரும் வளையலோடு திரும்ப வேண்டியதுதான்.

பணம் அல்லாத இலக்குகள்

எல்லா இலக்குகளையும் இருபதாக வகுக்க முடியாது. உடல் இளைப்பது, புகையை விடுவது, ஆய்வேட்டை முடிப்பது ஆகியவற்றில் நம் தவறால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு ரூபாயும் குறையாது. பிலிப்பைன்ஸில் புகைப்போர் தம் பணத்தை முன்வைத்து, ஆறு மாதம் கழித்துச் சோதனையில் தேறினால் திரும்பப் பெறும் திட்டம் ஒன்றை க்சவியர் ஜினே, கார்லன், ஜொனாதன் ஸின்மன் ஆகியோர் நடத்தினர். அழைக்கப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினரே சேர்ந்தனர். பலன் உண்டு, பெரிதல்ல.

நம் நாட்டில் இதைவிட வலுவான ஏற்பாடு ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. மனஉறுதியால் மட்டும் இது நடப்பதாகத் தெரியவில்லை. மாலை கழுத்தில் இருக்கும்வரை டீக்கடைக்காரர் அவரைச் ‘சாமி’ என்கிறார், பேருந்து நடத்துநர் ‘சாமி’ என்கிறார், மதுக்கடை வாசலில் நண்பனே ‘சாமி, நீங்க இந்தப் பக்கம் வரலாமா?’ என்று கேட்கிறான். நாளுக்குப் பல முறை யாராவது அவரது கட்டத்தில் டிக் போடுகிறார்கள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய பிறகு பழைய வழிக்குத் திரும்புவோர் பலர். அதை அவர்களது பலவீனம் என்று கணக்கிடுவது நியாயமல்ல. விரதத்தின் வேலை 41 நாளுக்குத்தான் அமைந்திருந்தது, அந்த வேலையை அது செய்தது.

எழுத்துக்கும் இது பொருந்தும். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் தொடராக எழுதினார். ஐந்து பாகம் நீளும் நாவலை எழுதுவேன் என்று தாளில் குறித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். வாரா வாரம் அச்சுக் கோப்பவர் கையை நீட்டியதும், வாசகர்கள் அஞ்சலில் கேட்டதும் அவரது வசதி. முனைவர் பட்ட மாணவரின் இலக்கை நெறியாளருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இந்த மாதத்துப் பத்துப் பக்கம் எங்கே என்று கேட்கும் ஆள் பல துறைகளில் இல்லை. ஐந்தாண்டு முடிவில் நீட்டிப்பு விண்ணப்பம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

சட்டத்தின் பார்வை

இந்த வாதத்துக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம், மாநில அரசின் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்துவதைத் தடைசெய்கிறது. 2019-இல் வந்த திருத்தம் நடத்துபவரின் கமிஷனை 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தியது. தனிநபர் நடத்தக்கூடிய சீட்டின் உச்சவரம்பை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக்கியது. கமிஷன் உயர்வை எதிர்த்தவர்கள், பணத்தை வாங்கிக் கொடுப்பதற்கு 7 விழுக்காடா என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் வாங்கிக் கொடுப்பதோடு கேட்பதும் அந்தக் கமிஷனில் அடக்கம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. அதுவரை 100 ரூபாய்க்கு உட்பட்ட சீட்டுகளுக்குச் சட்டம் பொருந்தாது என்றிருந்தது. அந்த எல்லையை நீக்கி, எந்தத் தொகைக்கு மேல் சட்டம் பொருந்தும் என்பதை மாநிலங்களே வரையறுக்கலாம் என்றது. தொகையை உயர்த்தினால் ஏமாற்றுவோர் நுழைவர், தாழ்த்தினால் தெருவில் இருபது பேரிடம் ஆயிரம் ஆயிரமாக வாங்கிச் சுழற்றும் பெண்மணி குற்றவாளி ஆவார். இரண்டு அச்சங்களும் சரியே. தொகையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் இரண்டையும் ஒருசேரத் தீர்க்க வழியில்லை. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களா, சேர்ந்த பணம் அந்த மாதமே கைமாறுகிறதா, நடத்துபவரிடம் ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறதா என்ற கேள்விகளை வரையறையில் சேர்த்தால், 20,000 ரூபாய்த் தெருச் சீட்டை விட்டுவிட்டு, அதே தொகையைத் தீபாவளி வரை ஒருவரிடம் குவிக்கும் திட்டத்தை மட்டும் பதிவாளரின் முன் நிறுத்த முடியும்.